அயர்லாந்தின் தொன்ம வரலாற்றுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி: ‘லெவர் கவாலா’வை எங்கே தொடங்குவது, எப்படி வாசிப்பது

அயர்லாந்தின் தொல்கதைகளைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் நேரே லுக், தக்தா, பாலோர் என்று கடவுளரிடமும் அரக்கரிடமும் போய்விடுகிறார்கள். அவர்களைப் பற்றிய பட்டியல்களும் படங்களும் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அந்தப் பெயர்களையெல்லாம் ஒரே வரிசையில் கொண்டுவந்து நிறுத்திய நூல் ஒன்று உண்டு: ‘லெவர் கவாலா ஏரன்’. ‘அயர்லாந்தைக் கைக்கொண்ட வரலாறு’ என்று தமிழில் சொல்லலாம். 11ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டது. தொகுத்தவர் தம் பெயரைச் சொல்லவில்லை. உலகப் படைப்பில் தொடங்கி, நோவா காலத்து வெள்ளம், பாபேல் கோபுரம், எகிப்து, ஸ்பெயின் என்று சுற்றி, அயர்லாந்துக்கு அலை அலையாக வந்தவர்களின் கதையைச் சொல்லி, தாராக் குன்றிலிருந்து ஆண்ட அரசர்களின் வரிசையில் வந்து முடியும்.

இந்த நூலைக் கையில் எடுக்கும் புதியவர்கள் இரண்டு இடங்களில் வழி தவறுகிறார்கள். சிலர் கிறித்துவத்துக்கு முந்தைய சமயத்தின் வேத நூல் என்று நினைத்துப் படிக்கிறார்கள். பைபிள் பெயர்களைப் பார்த்ததும் மனம் சோர்ந்து மூடி வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் உண்மையான குடியேற்றங்களின் மங்கிய நினைவு என்று நம்பி, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தொல்லியல் காலத்தைப் பொருத்தப் பார்க்கிறார்கள். லத்தீன் தெரிந்த திருச்சபை அறிஞர்களும் ஐரிஷ் புலவர்களும் பல தலைமுறையாகச் சேர்த்துக் கட்டிய நூல் இது. தங்கள் நாட்டுக்கு உலக வரலாற்றில் ஓர் இடம் வேண்டும் என்று அவர்கள் பட்ட பாடு ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். ஒரு கதையோடு இன்னொரு கதையை எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டே படியுங்கள். அப்படிப் படிக்கிறவருக்குத்தான் இந்த நூல் வாயைத் திறக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கையில் எடுப்பது எந்த வடிவம்?

‘லெவர் கவாலா’ ஒரே நூல் போலப் பேசப்பட்டாலும், பல வடிவங்களில்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. மிகப் பழைய பிரதிகளில் முக்கியமானது 12ஆம் நூற்றாண்டின் லென்ஸ்டர் நூல். இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. 1400ஐ ஒட்டி எழுதப்பட்ட பாலிமோட் நூல், லெக்கன் நூல் ஆகியவற்றிலும் இது உண்டு. அவற்றில் கதை பெருத்திருக்கும். லென்ஸ்டர் நூல் ஒரு வரியில் சொன்னதற்கு அங்கே காரணமும் கிளைக்கதையும் முளைத்திருக்கும். 1631இல் மிஹால் ஓ கிளேரி என்ற பிரான்சிஸ்கன் சகோதரர் மறுபடியும் திருத்தி எழுதினார்.

அச்சில் கிடைக்கும் முழுப் பதிப்பு மெக்காலிஸ்டர் பதிப்பித்தது. 1938க்கும் 1956க்கும் இடையே ஐந்து தொகுதிகளாக வந்தது. அவர் 1950இல் இறந்துவிட்டதால் கடைசித் தொகுதியை அவர் பார்க்கவில்லை. ஐரிஷ் ஒரு பக்கம், ஆங்கிலம் எதிர்ப்பக்கம் என்ற அமைப்பு. ஸ்கேன் பிரதிகள் இன்டர்நெட் ஆர்கைவில் கிடைக்கின்றன. பழைய பாணி ஆங்கிலம். கொஞ்சம் முரண்டு பிடிக்கும். முதல் வடிவத்தை மட்டும் ஜான் கேரி எளிய ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். கிடைத்தால் அதையே முதலில் எடுங்கள். கிடைக்காவிட்டால் மெக்காலிஸ்டரில் ‘முதல் வடிவம்’ என்று தலைப்பிட்ட பத்திகளை மட்டும் படித்துக்கொண்டு போங்கள். எல்லா வடிவத்தையும் ஒரே மூச்சில் படித்தால் ஒரே ஆள் மூன்று முறை சாவார், குழம்பிப்போவீர்கள்.

மூல ஐரிஷைப் பார்க்க ஆசை வந்தால், லென்ஸ்டர் நூலின் பாடத்தை கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் ‘கெல்ட்’ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஐரிஷ் ஏடுகள் பலவற்றின் படங்களை டப்ளின் உயராய்வு நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கிறது. மொழி தெரியாவிட்டாலும் ஒரு முறை அந்தப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். எந்த மாதிரியான ஏட்டில் இந்தக் கதைகள் வாழ்ந்தன என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு தாளில் ஆறு பெயர்

படிக்கத் தொடங்கும் முன் ஒரு தாளில் ஆறு பெயரை மேலிருந்து கீழாக எழுதிக்கொள்ளுங்கள். கெஸர், பார்த்தலோன், நெமெத், ஃபிர் போல்க், துவாதா தே தானன், மீலின் மைந்தர்கள். அயர்லாந்தைக் ‘கைக்கொண்ட’வர்கள் இந்த ஆறு கூட்டத்தார்தான். வெள்ளத்துக்கு முன் வந்தவள் நோவாவின் பேத்தி கெஸர். வெள்ளத்துக்குப் பின் வந்த பார்த்தலோனின் மக்கள் கொள்ளைநோயில் அழிந்தார்கள். நெமெதின் மக்களை ஃபொமோரியர் என்ற கடல்வழிக் கொடியவர்கள் வாட்டினார்கள். தப்பித்தவர்கள் மூன்று திசையில் சிதறினார்கள். அதில் கிரீஸுக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் ஃபிர் போல்க்காகவும், வடக்கே போனவர்களின் வழித்தோன்றல்கள் துவாதா தே தானனாகவும் திரும்பி வருகிறார்கள். மூன்றாம் கிளை பிரிட்டானியர் ஆனது. கடைசியாக ஸ்பெயினிலிருந்து மீலின் மைந்தர்கள் வருகிறார்கள். அவர்கள்தான் ஐரிஷ் மக்களின் முன்னோர் என்கிறது நூல்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று குறிப்பு எழுத இடம் விடுங்கள்: எங்கிருந்து வந்தார்கள், எப்படி அழிந்தார்கள், யார் மிஞ்சினார்கள். மூன்றாவதுதான் முக்கியம். எல்லோரும் செத்துவிட்டால் அந்தக் கதையைப் பின்னால் வந்தவர்களுக்குச் சொன்னது யார்? இந்தக் கேள்வி அந்த அறிஞர்களையும் அரித்திருக்கிறது. அதனால்தான் கெஸரின் கூட்டத்தில் ஃபின்டன் என்பவன் சால்மன் மீனாகவும் கழுகாகவும் பருந்தாகவும் உருமாறி ஆயிரக்கணக்கான ஆண்டு வாழ்கிறான். பார்த்தலோனின் கூட்டத்தில் துவான் மிஞ்சுகிறான். அவனும் மான், பன்றி, பருந்து, சால்மன் என்று உருமாறி, கடைசியில் மீனாக இருக்கையில் அரசி ஒருத்தி தின்ன, அவள் வயிற்றில் மனிதனாகவே மறுபடி பிறந்து, பழைய கதையையெல்லாம் ஒரு புனிதரிடம் சொல்கிறான். மாயக் கதையாகத் தோன்றுவது உண்மையில் சான்றுக்கான ஏற்பாடு. வரலாறு எழுதுகிறவனுக்கு நேரில் பார்த்த சாட்சி வேண்டும் அல்லவா!

முதல் பக்கத்தில் தொடங்காதீர்கள்

மெக்காலிஸ்டரின் முதல் தொகுதி ஆதியாகமத்தில் தொடங்கும். அங்கே தொடங்கியவர்களில் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஐந்தாம் தொகுதியின் தொடக்கத்துக்குப் போங்கள். மீலின் மைந்தர்கள் கரையிறங்கும் பகுதி அங்கே இருக்கிறது. கதையாகப் பார்த்தால் நூலின் உச்சம் அதுதான்.

ஸ்பெயினின் வடமேற்கு முனையில் ப்ரெயோகன் கட்டிய கோபுரத்தின் மேலிருந்து, குளிர்கால மாலை ஒன்றில் ஈத் என்பவன் தொலைவில் ஒரு நிலத்தைக் காண்கிறான். கப்பலேறிப் போகிறான். அங்கே துவாதா தே தானனின் மூன்று அரசர்கள் சொத்துப் பங்கீட்டில் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வந்த விருந்தாளியிடம் நியாயம் கேட்கிறார்கள். அவனும் நேர்மையாகத் தீர்ப்புச் சொல்கிறான். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இந்தத் தீவு எவ்வளவு நல்லது, இங்கே தேனும் கோதுமையும் மீனும் எவ்வளவு, வெயிலும் குளிரும் எவ்வளவு அளவானவை என்று புகழ்ந்துவிடுகிறான். இவ்வளவு புகழ்கிறவன் திரும்பி வந்து பிடித்துக்கொள்வான் என்று அரசர்களுக்குச் சந்தேகம் வருகிறது. கொன்றுவிடுகிறார்கள். பழிவாங்க வருகிறார்கள் மீலின் மைந்தர்கள்.

கரையில் வலக்காலை வைக்கும்போது அவர்களின் புலவன் அமர்கின், தன்னைக் காற்றாகவும் அலையாகவும் காளையாகவும் சொல்லிக்கொண்டு பாடும் பாட்டு மிகப் பழமையான சாயல் கொண்டது. நிதானமாக இரண்டு முறை படியுங்கள். பிறகு பன்பா, ஃபோட்லா, ஏரு என்ற மூன்று அரசிகள் ஒவ்வொருவராக எதிர்ப்பட்டு, தீவுக்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். உஷ்னாக் குன்றில் ஏரு அவர்களை வரவேற்று, இந்தத் தீவு என்றென்றும் உங்களுடையதாகும் என்கிறாள். மூத்தவன் டொன் அவளிடம் திமிராகப் பேசுகிறான். உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் இதனால் பயனிராது என்கிறாள் அவள். டொன் கடலில் மூழ்கிச் சாகிறான். நாடு இன்றும் ஏருவின் பெயரில்தான் ஏரே என்று வழங்குகிறது.

இந்தப் பகுதியில் அமர்கினின் தீர்ப்பைக் கவனியுங்கள். தாராவில் மூன்று அரசர்களும் அவகாசம் கேட்கிறார்கள். நாம் ஒன்பது அலை தூரம் கடலுக்குள் பின்வாங்குவோம், அங்கிருந்து மறுபடி கரையேற முடிந்தால் நாடு நமக்கு என்கிறான். படையெடுத்து வந்தவர்களே தங்கள் வெற்றிக்கு ஒரு சட்டம் வகுத்துக்கொள்கிறார்கள். பின்னாளில் இந்தக் கதையை வைத்து நிலத்தின் மேல் உரிமை கொண்டாடியவர்களுக்கு இந்தக் காட்சி எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைப் படித்து முடித்ததும் நான்காம் தொகுதிக்குப் பின்வாங்கி ஃபிர் போல்க்கையும் துவாதா தே தானனையும், பிறகு மூன்றாம் தொகுதியில் பார்த்தலோனையும் நெமெதையும் படியுங்கள். பைபிள் பகுதியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே பத்தியில் நின்று பழகுங்கள்

வேகமாகப் படித்தால் கைநழுவிப்போகும் நூல் இது. பழகிக்கொள்ள ஒரு சின்ன இடத்தைச் சொல்கிறேன். கெஸர் வெள்ளத்துக்கு நாற்பது நாள் முன்னால் வருகிறாள். உலகத்தின் மேற்கு விளிம்புக்குப் போங்கள், அங்கே வெள்ளம் எட்டாமல் போகலாம் என்று நோவா சொல்லி அனுப்பியதாகக் கதை. மூன்று கப்பலில் இரண்டு உடைந்து, மிஞ்சிய கப்பலில் ஐம்பது பெண்களும் மூன்று ஆண்களும் கரை சேர்கிறார்கள். பெண்களை மூவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பித் என்பவனுக்கும் ஃபின்டனுக்கும் பதினேழு பதினேழு பேர். கப்பலோட்டி லாத்ராவுக்குப் பதினாறு பேர். லாத்ராவுக்கு அதில் மனக்குறை.

அடுத்து லாத்ரா செத்துப்போகிறான். எப்படி? பெண்கள் மிகுந்துபோனதால் செத்தான் என்கிறது நூல்; இல்லை, துடுப்பின் தண்டு பிட்டத்தில் பாய்ந்து செத்தான் என்றும் சொல்கிறது. எப்படிச் செத்திருந்தாலும் அயர்லாந்தில் முதலில் செத்தவன் இந்த லாத்ராதான் என்று முடித்துவிட்டு மேலே போய்விடுகிறது.

இந்த நாலு வரியில் தொகுப்பாளர் வேலை செய்யும் முறை முழுவதும் இருக்கிறது. அவர் முன்னால் இரண்டு கதை இருந்திருக்கிறது. ஒன்றைத் தள்ளிவிடாமல் இரண்டையும் பதிந்துவிட்டார். அவருக்கு வேண்டியது ‘முதல்’ என்ற தகவல். முதல் சாவு, முதல் போர், முதல் அரசன், முதல் பொறாமை என்று இந்த நூல் முழுக்க முதல்களைத் தேடி வைக்கிறது. பார்த்தலோன் பகுதியில் அவன் மனைவி வேலைக்காரனோடு சேர்ந்துவிட, அவன் கோபப்பட, தன்னைத் தனியே விட்டுப் போனது உன் குற்றம் என்று அவள் வாதாடுவாள். அயர்லாந்தின் முதல் கள்ளக்காதலும் முதல் பொறாமையும் அதுதான் என்று கணக்கில் சேரும். படிக்கும்போது ஓரத்தில் ஒவ்வொரு ‘முதல்’லையும் குறித்துக்கொண்டே வாருங்கள். மே மாதத் தொடக்கம் எத்தனை இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்; கரையிறங்குவது, கொள்ளைநோய் தொடங்குவது எல்லாம் அந்த நாளை ஒட்டியே நடக்கும். ஐரிஷ் ஆண்டில் கோடை பிறக்கும் பெல்டேன் திருநாள் அது.

உரைநடைக்கு நடுவே பாடல்கள் வரும். அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். பல இடங்களில் பாடல்தான் பழையது, உரைநடை அதற்கு எழுந்த விரிவு. 1004இல் இறந்த எயோகித் ஊ ஃபிளான், 1056இல் இறந்த மொனாஸ்டர்பாய்ஸ் மடத்து ஆசிரியர் ஃபிளான் மனிஸ்ட்ரெக் ஆகியோரின் பாடல்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. பாடலும் உரையும் சொல்வது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத இடம் கிடைத்தால் அங்கே ஓர் ஒட்டு இருக்கிறது.

சில பக்க லத்தீனைப் பக்கத்தில் வையுங்கள்

எனக்கு இந்த நூலில் மிகவும் பிடித்த பயிற்சி இதுதான். கி.பி. 829–830 வாக்கில் வேல்ஸில் லத்தீனில் எழுதப்பட்ட ‘பிரிட்டானியர் வரலாறு’ என்ற நூலில் அயர்லாந்தைப் பற்றிச் சில பத்திகள் வருகின்றன. நென்னியஸ் எழுதியது என்று பழைய வழக்கம். ‘லெவர் கவாலா’வுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு மூத்தது. அதன் மொழிபெயர்ப்பும் இணையத்தில் எளிதில் கிடைக்கும். இரண்டையும் அருகருகே திறந்து வையுங்கள்.

அங்கே பார்த்தலோமஸ் ஆயிரம் பேரோடு வருகிறான். நாலாயிரமாகப் பெருகி ஒரே வாரத்தில் கொள்ளைநோயில் மாய்கிறார்கள். ‘லெவர் கவாலா’வில் செத்தவர்கள் ஒன்பதாயிரம். அதே ஒரு வாரம்தான். இங்கே ஐயாயிரம் ஆண், நாலாயிரம் பெண் என்று பிரித்தும் சொல்லியாகிவிட்டது. அங்கே கெஸர் இல்லை. துவாதா தே தானனும் இல்லை. மூன்றாவதாக ‘ஸ்பெயின் நாட்டுப் போர்வீரன் ஒருவனின் மூன்று மகன்கள்’ வருகிறார்கள். லத்தீனில் ‘மிலெஸ் ஹிஸ்பானியே’. இந்தத் தொடர்தான் பிற்பாடு ‘மீல் எஸ்பானே’ என்ற ஆளாக எழுந்து நின்றது. ஐரிஷ் மக்கள் அனைவருக்கும் மூதாதையாகக் கொண்டாடப்பட்டவரின் பெயர் ஒரு லத்தீன் பொதுப்பெயர். இது ஒன்று போதும், இந்தக் கதை மடத்து நூலகத்தில் வளர்ந்தது என்று காட்ட.

இன்னும் சுவையான இடம் கண்ணாடிக் கோபுரம். லத்தீன் நூலில் அந்தப் போர்வீரனின் மக்கள் கடல் நடுவே ஒரு கண்ணாடிக் கோபுரத்தைப் பார்க்கிறார்கள். அதன்மேல் ஆட்கள் தெரிகிறார்கள். கூப்பிட்டால் பதில் இல்லை. தாக்கப் போன கப்பல்களையெல்லாம் கடல் விழுங்குகிறது. பழுதாகிப் பின்தங்கிய ஒரு கப்பல் மட்டும் தப்புகிறது. அதில் இருந்த முப்பது ஆணும் முப்பது பெண்ணும்தான் அயர்லாந்து மக்களுக்கு முன்னோர். இப்போது ‘லெவர் கவாலா’வில் நெமெத் பகுதியை எடுங்கள். நெமெதின் மக்களுடைய பிள்ளைகளிலும் தானியத்திலும் பாலிலும் மூன்றில் இரண்டு பங்கை ஃபொமோரியர் ஆண்டுதோறும் ‘சௌவின்’ என்ற நவம்பர் தொடக்கத் திருநாளில் கப்பமாகப் பிடுங்க, அவர்கள் பொங்கியெழுந்து கடலில் இருந்த கோனன் கோபுரத்தைத் தாக்குகிறார்கள். கடல் பொங்கி எல்லோரையும் கொண்டுபோகிறது. ஒரு கப்பல் தப்புகிறது. அதில் முப்பது பேர். கோபுரம் ஒரு கூட்டத்தாரிடமிருந்து இன்னொரு கூட்டத்தாருக்குக் கைமாறியிருக்கிறது. முப்பது என்ற எண் மாறாமல் கூடவே வந்துவிட்டது. பிள்ளைவரி, கப்பம் எல்லாம் சேர்ந்து, காரணம் புரியாத ஒரு கடற்காட்சி அடிமைப்பட்ட மக்களின் கிளர்ச்சிக் கதையாகிவிட்டது. இதை நேரில் ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு இந்தத் துறையை விட்டுப் போக மனம் வராது.

ஸ்பெயின் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். 5ஆம் நூற்றாண்டின் திருச்சபை வரலாற்றாசிரியர் ஒரோசியஸ் தன் உலக வருணனையில் ஸ்பெயினின் பிரிகான்சியா நகரத்து உயர்ந்த கலங்கரை விளக்கத்தையும் அயர்லாந்தையும் எதிரெதிரே வைத்துப் பேசியிருந்தார். செவில் நகர இசிதோர் 7ஆம் நூற்றாண்டில் ஹிபெர்னியா என்ற பெயரை இபேரியாவோடு சேர்த்துக் காட்டினார். ‘ஸ்கோட்டி’ என்பது அன்று ஐரிஷ் மக்களுக்கான லத்தீன் பெயர். அதை ஒலியை வைத்துக் கருங்கடலுக்கு வடக்கிலுள்ள சித்தியாவோடு சேர்த்ததும், எகிப்து மன்னன் மகள் ஸ்கோட்டா என்ற மூதாட்டியைக் கண்டுபிடித்ததும் இதே முறையில்தான்.

கடவுளர் மனிதரான இடம்

துவாதா தே தானன் பகுதியைத் தனிக் கவனத்தோடு படியுங்கள். தொகுப்பாளர்கள் தடுமாறுவது இங்கேதான் கண்கூடாகத் தெரியும். துவாதா தே தானன் கருமேகங்களில் வந்து மேற்கு மாகாணமான கனாக்டில் ஒரு மலைமேல் இறங்கினார்கள், மூன்று நாள் சூரியனை மறைத்தார்கள் என்று ஒரு பேச்சு. கப்பலில் வந்து, திரும்பிப் போகக் கூடாதென்று கப்பல்களை எரித்தார்கள், அந்தப் புகையைத்தான் மக்கள் மேகம் என்று நினைத்தார்கள் என்று இன்னொரு பேச்சு. வானத்தவரா மண்ணவரா என்ற உண்மை தெரியாது என்று பாடுகிறது ஒரு பாடல். சிலர் பேய்கள் என்றார்கள். இவர்களை வரிசையாக எடுத்துச் சொல்கிறேன், ஆனால் வணங்கவில்லை என்று உறுதி சொல்கிறது நூலில் வரும் ஒரு பாட்டு.

பழைய தெய்வங்களை விட்டுவிடவும் மனமில்லை, தெய்வம் என்று ஒப்புக்கொள்ளவும் வழியில்லை. அதனால் அவர்களுக்கு நோவாவரை போகும் வம்சாவளி கொடுத்து, சாவும் கொடுத்தார்கள். ஃபிளான் மனிஸ்ட்ரெக்கின் பாட்டு ஒன்று ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார் என்று அடுக்கிக்கொண்டே போகும். ‘தானு என்ற தாய்த்தெய்வத்தின் மக்கள்’ என்று பல தளங்கள் எழுதுகின்றன. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய இடங்களில் பெயர் வெறும் ‘துவாதா தே’தான், ‘தானன்’ பின்னால் சேர்ந்தது. இஸ்ரவேலரைக் குறிக்கவும் ஐரிஷ் எழுத்தில் இதே ‘துவாத் தே’ வந்திருக்கிறது.

துவாதா தே தானன் முதலில் ஃபிர் போல்க்கோடும் பிறகு ஃபொமோரியரோடும் மோதிய இரண்டு மாய் துரெத் போர்களும் நூலில் சுருக்கமாகத்தான் வரும். அவர்களின் அரசன் நுவாதுவின் கை வெட்டுப்படுவது, அதற்குப் பதில் வெள்ளிக் கை செய்து பொருத்துவது, லுக் தன் தாத்தா பாலோரைக் கொல்வது எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லும் ‘காத் மாய் துரெத்’ தனி நூல். இந்த இடத்தில் நின்று அதைப் படித்துவிட்டு வாருங்கள். நூறு பக்கம்கூட வராது.

பெயர்களும் இடங்களும்

பெயர்களில் திணறாத புதியவர் இல்லை. ஒரே ஆளின் பெயரைப் பழைய ஐரிஷ், நவீன ஐரிஷ், ஆங்கிலம் என்று மூன்று விதமாக எழுதுவார்கள். லுக் என்பவர் புது எழுத்தில் லூ ஆகிவிடுவார். நீங்கள் படிக்கும் மொழிபெயர்ப்பின் எழுத்துமுறையை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வேறு வடிவம் கண்ணில் பட்டதும் பக்கத்தில் எழுதிவையுங்கள். தமிழில் எழுதுவதாக இருந்தால் ஒரு பெயருக்கு ஒரே எழுத்து என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இங்கே நான் தந்திருப்பவை தோராயமானவை.

இடங்களை வரைபடத்தில் தேடுங்கள். கதையில் வரும் பல ஊர்கள் இன்றும் உள்ளவை. ப்ரெயோகன் கோபுரத்தைக் கலிசியாவின் அ கொருன்யாவில் நிற்கும் ரோமானியக் கலங்கரை விளக்கத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அங்கிருந்து அயர்லாந்து ஏறக்குறைய 900 கிலோமீட்டர். எந்தக் குளிர்கால மாலையிலும் தெரியாது. கலிசியாவின் நாட்டுப்பண்ணில் ப்ரெயோகன் பெயர் வருகிறது. டப்ளினை அடுத்த டாலா என்ற ஊரின் பெயரைப் பார்த்தலோன் மக்களின் கொள்ளைநோய் இடுகாட்டோடு இணைத்தார்கள். தாராக் குன்றில் நிற்கும் கல்லை ‘லியா ஃபால்’ என்று காட்டுகிறார்கள்; உரிய அரசன் தொட்டால் கூவும் என்று கதையில் வரும் கல் அது. ஊர்ப்பெயர்க் கதைகளைத் திரட்டிய ‘தின்ஹெனஹஸ்’ என்ற தலபுராணத் தொகுப்பு தனியாக இருக்கிறது. ஓர் ஊர்ப்பெயர் கண்ணில் பட்டதும் அதில் தேடிப் பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக் கணக்கையும் மரபணுப் பேச்சையும் பற்றி

‘நாலு அறிஞர் ஆண்டுக்குறிப்பு’ என்ற ஐரிஷ் வரலாற்றுத் தொகுப்பு 1632–1636இல் டோனகால் பகுதியில் எழுதப்பட்டது. அது வெள்ளத்தை உலகம் படைத்து 2242ஆம் ஆண்டில் வைத்து, கெஸரின் வருகையில் தொடங்குகிறது. இந்தத் துல்லியத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். திருச்சபை வரலாற்றாசிரியர்கள் வகுத்த உலகக் காலவரிசையில் ஐரிஷ் அரசர்களைப் பொருத்தி வைத்ததில் பிறந்த எண்கள் இவை.

2015இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, பெல்ஃபாஸ்ட் அருகே பாலினஹட்டியில் கிடைத்த புதிய கற்காலப் பெண்ணுக்கும் ராத்லின் தீவின் வெண்கலக் கால ஆண்களுக்கும் இடையே மக்கள்தொகை பெரிதும் மாறியதைக் காட்டியது. பின்னவர்களின் மூதாதையரில் ஒரு பங்கு கருங்கடலுக்கு வடக்கிலுள்ள புல்வெளியைச் சேர்ந்தது. உடனே ‘பார்த்தீர்களா, சித்தியா உண்மை’ என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். அந்த நகர்வுக்கும் இந்த நூலுக்கும் நடுவே மூவாயிரம் ஆண்டு இருக்கிறது. நூலின் சித்தியா லத்தீன் ஏட்டிலிருந்து வந்த வழியையும் நாம் பார்த்துவிட்டோம். இரண்டையும் கலக்காதீர்கள். ஆய்வுக்கும் கெடுதல், நூலுக்கும் கெடுதல்.

யாருக்கு வேண்டியிருந்தது இந்தக் கதை?

இந்தக் கேள்வியோடு ஒரு முறை முழு நூலையும் புரட்டுங்கள். தெற்கே மன்ஸ்டரின் அரச குலங்கள் மீலின் மகன் ஏபர் வழியாகவும், வடக்கிலும் மேற்கிலும் லென்ஸ்டரிலும் உள்ளவர்கள் இன்னொரு மகன் எரெமோன் வழியாகவும் வந்ததாக வம்சாவளி கட்டப்பட்டது. ஏபரும் எரெமோனும் நாட்டைத் தெற்கு வடக்காகப் பிரித்துக்கொண்டு, ஓராண்டுக்குள் சண்டையிட்டு, ஏபர் கொல்லப்படும் கதையை இந்த வெளிச்சத்தில் படியுங்கள். 1317இல் டோனல் ஓ நீலும் மற்ற ஐரிஷ் தலைவர்களும் ஆங்கிலேயர் கொடுமையை எதிர்த்துப் போப்பாண்டவருக்கு எழுதிய முறையீட்டில், ஸ்பெயினிலிருந்து வந்த மீலின் மூன்று மகன்களைச் சொல்லித்தான் தங்கள் உரிமையைத் தொடங்குகிறார்கள். மூன்றே ஆண்டு கழித்து, 1320இல், ஸ்காட்லாந்து பிரபுக்களும் ஆர்ப்ரோத்திலிருந்து போப்பாண்டவருக்கு எழுதுகிறார்கள். அவர்களும் சித்தியாவில் தொடங்கி ஸ்பெயின் வழியாகத்தான் வருகிறார்கள். நாட்டை இழக்கும் நிலையில் இருந்தவர்கள் கையில் எடுத்த ஆவணம் இது. நடந்ததா இல்லையா என்று மட்டும் கேட்டு இந்த நூலை மூடிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எழுதியவர்களுக்கும் ஐயம் இருந்தது. லென்ஸ்டர் நூலிலேயே ‘தான்’ என்ற போர்க்கதையின் முடிவில் ஓர் எழுத்தர் லத்தீனில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: இந்தக் கதையை, அல்லது கட்டுக்கதையை, நான் நம்பவில்லை, இதில் சில பேய்களின் ஏமாற்று, சில கவிஞர் கற்பனை, சில உண்மை போன்றவை, சில அப்படியல்லாதவை, சில மூடர்களை மகிழ்விக்க வைத்தவை. அதற்கு முன்னுள்ள ஐரிஷ் வாக்கியம், கதையை இப்படியே மனத்தில் வைத்து, வேறு வடிவம் கலக்காமல் சொல்கிறவருக்கு ஆசி கூறுகிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அந்தக் குறிப்பையும் தேடிப் படித்துவிடுங்கள். ‘கெல்ட்’ தளத்தில் அந்தக் கதையின் கடைசியில் இருக்கும்.

இதுவரை வந்துவிட்டால், மீதியை உங்கள் விருப்பப்படி எடுக்கலாம். துவானின் கதை சிறியது, ஒரு மாலையில் முடியும். சேத்ரூன் கேட்டின் என்பவர் 1634 வாக்கில் எழுதி முடித்த ‘ஃபோரஸ் ஃபாஸ’ இதே வரலாற்றைத் தொடர்ந்த உரைநடையில் சொல்கிறது. வடிவங்களுக்கிடையே தாவிச் சலித்தவர்களுக்கு அது ஆறுதல். ஐந்தாம் தொகுதியின் பிற்பகுதியில் நீளும் அரசர் பட்டியலை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் அரசனும் எத்தனை ஆண்டு ஆண்டான், யார் கையில் செத்தான் என்று இரண்டு பத்தியாகத் தாளில் பிரித்து எழுதிக்கொண்டு போங்கள். ஒருவனைக் கொன்றவனே அடுத்த அரசனாகும் கண்ணி நெடுக வருவது தானாகத் தெரியும்.